முயலைக் கண்டு அழுத பீட்டர்

பீட்டருக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். வெள்ளெலி, கம்பளி உடை, இறகு, பஞ்சு என எதைப் பார்த்தாலும் அழுகைதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதைப் போல, ஒன்றின் மீது பிறந்த அச்சம் அதன் சாயல் கொண்ட அனைத்தின் மீதும் படர்ந்திருந்தது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் அவனுக்குச் செய்த சிகிச்சையை 1924-இல் வெளியிட்டார். அச்சம் போன்றவற்றைப் படிப்படியான பயிற்சியால் மாற்றும் இன்றைய நடத்தைச் சிகிச்சையின் வேரைத் தேடிப் போனால் இந்தக் குழந்தையிடம்தான் வந்து நிற்போம்.

வேருக்கும் கீழே ஒரு மண் உண்டு. உணவு வருவதற்குச் சற்று முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்ட நாய்கள், நாளடைவில் அந்த ஒலிக்கே உமிழ்நீர் சுரந்ததை ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் காட்டியிருந்தார். இணைந்து வருபவற்றை மூளை இணைத்தே கற்கிறது. இதைத்தான் ஆக்கநிலையுறுத்தம் என்கிறார்கள். 1920-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் வாட்சனும் ரோசாலி ரெய்னரும் இதை ஒரு கைக்குழந்தையிடம் சோதித்தார்கள். அது வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில முறைகளிலேயே எலியைக் கண்டதும் குழந்தை அழத் தொடங்கியது. உண்டாக்கிய அச்சத்தைப் போக்காமலேயே அக்குழந்தையை விட்டுவிட்டார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

ஜோன்ஸ் கேட்டது இதன் மறுபக்கக் கேள்வி. இணைத்துக் கற்றதை, வேறோர் இணைப்பால் மாற்ற முடியுமா? பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிட்ட முயலை அறையின் தொலைவான மூலையில் வைத்தார். அவன் அமைதியாக இருந்தால் அடுத்த முறை சற்று நெருக்கமாக. முயலுக்கு அஞ்சாத குழந்தைகளையும் அவனுடன் விளையாட விட்டார். இதில் ஓர் ஆபத்து இருப்பதையும் அவர் உணர்ந்திருந்தார்: முயலை அவசரப்பட்டு நெருங்க வைத்தால் இணைப்பு தலைகீழாகி, உணவைக் கண்டே பீட்டர் அஞ்சத் தொடங்கலாம். இடையில் பீட்டர் உடல்நலமின்றி மருத்துவமனையில் தங்கித் திரும்பும் வேளையில், பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்ததில் பழைய அச்சம் முழு வேகத்தில் திரும்பியது. மறுபடி தொடங்கினார்கள். கடைசியில் பீட்டர் தன் விரல்களை முயல் கொறிக்க விட்டுச் சிரித்தான்.

இந்த வழியைப் பெரியவர்களுக்கு ஏற்ற சிகிச்சையாக வடித்தவர் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப். 1958-இல் வெளியான அவரது நூல் இத்துறையின் திருப்புமுனை. அவர் உணவின் இடத்தில் தசைத் தளர்ச்சியை வைத்தார். உடல் தளர்ந்திருக்கையில் அச்சம் முழு வலுவுடன் எழ முடியாது என்பது அவரது கணிப்பு. சிகிச்சைக்கு வந்தவர் தன் அச்சங்களை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு ஏணிபோல் அடுக்குவார். உயரத்துக்கு அஞ்சுபவருக்கு முதல் படி நாற்காலியின் மேல் நிற்பதாக இருக்கலாம்; கடைசிப் படி மொட்டைமாடியின் விளிம்பு. ஒவ்வொரு படியையும் தளர்ந்த நிலையில் கற்பனை செய்து, அச்சம் தணிந்த பிறகே அடுத்த படிக்குச் செல்வார்.

பின்னர் வந்த ஆய்வுகள் தளர்ச்சி கட்டாயமில்லை என்று காட்டின. அஞ்சும் பொருளின் முன் தப்பி ஓடாமல் நிற்பதே மருந்தின் சாரம். ஓடிவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கிறது. ‘ஓடியதால்தான் பிழைத்தேன்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. அச்சத்துக்கு இதைவிட நல்ல உரம் இல்லை.

ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லியாக வேண்டும். இரத்தத்தையோ ஊசியையோ கண்டு அஞ்சுபவர்கள் பலருக்கு இரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரிந்து மயக்கம் வருகிறது. அவர்களிடம் தசைகளைத் தளர்த்தச் சொன்னால் மயக்கத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். ஆகவே ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் எதிர்வழியை வகுத்தார்: கை, கால், உடல் தசைகளை 10 முதல் 15 நொடிகள் வரை இறுக்கி, முகத்தில் சூடு பரவியதும் விட வேண்டும், மீண்டும் இறுக்க வேண்டும். உடலின் இயல்பை அறிந்து சிகிச்சையைத் திருத்தியதில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

இணைத்துக் கற்றல் என்ற இதே கோட்பாட்டை வெறுப்பூட்டவும் பயன்படுத்தினார்கள். மதுவுடன் குமட்டலை இணைத்தது ஒரு வகை. தன்பாலீர்ப்பு கொண்டவர்களை ‘மாற்ற’ மின்னதிர்ச்சி கொடுத்தது மருத்துவத்தின் பெயரால் நடந்த கொடுமை; நோயே இல்லாத இடத்தில் செய்யப்பட்ட சித்திரவதை.

பீட்டரின் அச்சம் நாயைக் கண்டதும் ஏன் திரும்பியது? பாவ்லோவின் நாய்களிடமே விடையின் முதல் தடயம் இருந்தது. உணவின்றி ஒலியை மட்டும் தொடர்ந்து கேட்டபோது உமிழ்நீர் நின்றது. ஓய்வுக்குப் பிறகு அதே ஒலிக்கு மறுபடியும் சுரந்தது. பழைய பாடம் அழியவில்லை. அதற்குப் போட்டியாகப் புதிய பாடம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. புதிய பாடம் அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் மார்க் பூட்டனின் ஆய்வுகள் காட்டின. சிகிச்சை அறையில் நாயைத் தடவிக் கொடுத்தவர் தெருமுனையில் நாயைக் கண்டு நடுங்குவது இதனால்தான். எனவே தேர்ந்த சிகிச்சையாளர் ஒரே நாயோடும் ஒரே அறையோடும் நிறுத்திக்கொள்வதில்லை. சிறிய நாய், பெரிய நாய், குரைக்கும் நாய், பூங்கா, தெரு, தனியாக, துணையோடு என்று மாற்றி மாற்றிப் பழக்குகிறார். அச்சம் ஒருநாள் திரும்பி வரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அப்படி வந்த மறுநாளே, நாய் இருக்கும் அதே தெரு வழியாக மீண்டும் நடக்கச் சொல்கிறார்.