போடிமெட்டு இறக்கத்தில் போன் போடும் மார்க்

போனில் ஒரு செயலியைப் போட்டு வண்டி டேஷ்போர்டில் மாட்டிவிட்டால் போதும், நாம் ஓட்டுகிற லட்சணத்துக்கு அது மார்க் போட்டுவிடும். சடாரென்று பிரேக் அடித்தால் கழிக்கும். வளைவில் வீசித் திருப்பினால் கழிக்கும். ஓட்டும்போது போனை எடுத்து நோண்டினால் இன்னும் அதிகமாகக் கழிக்கும். வாடகைக் கார்களில் தொடங்கிய இந்தப் பழக்கம் இப்போது போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்கள் வரை வந்திருக்கிறது. காலையில் மலையேறி சாயங்காலம் இறங்கும் வண்டிகள் இவை. இவற்றில் மாட்டிய போன் எதை உணர்கிறது, எதை உணர்வதில்லை என்று தெரிந்துகொண்டால்தான் அந்த மார்க்கை வைத்து ஏதாவது செய்ய முடியும். போனுக்கு வண்டியைத் தெரியாது. இன்ஜின், கியர், பிரேக் மிதி எதனோடும் அதற்குத் தொடர்பில்லை. தன் உடம்பு எப்படி ஆடுகிறது, தான் எங்கே இருக்கிறது, இந்த இரண்டை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஊகிக்கிறது.

ஆட்டத்தை உணர்வது முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை, அதைத் தாங்கும் சிலிக்கான் வில்கள், பக்கத்தில் சீப்புப் பல் போன்ற தகடுகள். வண்டியின் வேகம் மாறும்போது அந்த எடை சற்றுப் பின்தங்கும். தகடுகளுக்கு இடையிலான இடைவெளி மாறும், அதனால் மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றத்தைத்தான் போன் எண்ணாக வாசிக்கிறது. நொடிக்கு ஐம்பது, நூறு முறை வாசிப்பது சாதாரணம். முன்கண்ணாடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழத்தைக் கவனியுங்கள்: பிரேக் பிடித்தால் முன்னால் சாயும், ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் போகும், இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் ஒதுங்கும். முடுக்கமானி செய்வதும் அதே வேலைதான், ஆனால் மில்லிமீட்டரில் ஒரு துளியளவு இடத்துக்குள்.

இந்தச் சாய்வை அளக்கும் அலகு ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம். பல செயலிகள் 0.3 ஜி-யை ஒட்டிக் கோடு போட்டு, அதைத் தாண்டினால் ‘கடும் பிரேக்’ என்று குறிக்கின்றன. ஒரே நொடியில் வேகம் கிட்டத்தட்ட 11 கி.மீ. குறைந்தால் இந்த அளவு வரும். சீட்டில் இருப்பவர் முன்கம்பியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கான பிரேக் அது.

சமதளத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே ஓடும். தேனியிலிருந்து கம்பம் வரை போய்வரும் காருக்கு அது போடும் மார்க் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலையில் கால் வைத்ததும் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முந்தலில் டீ குடிக்க நிறுத்திய ஜீப் பக்கம் கேட்ட பேச்சு இது. இளவட்ட டிரைவர் ஒருவர் போனை நீட்டிக் காட்டுகிறார். “அண்ணே, புலியூத்துக்குக் கீழ நியூட்ரல்ல விட்டுத்தான் வந்தேன். ஒரு மார்க்குகூடக் கொறயல பாருங்க.” மூத்தவர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, அது ஒன்னய மெச்சலப்பா. அதுக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

மூத்தவர் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்பதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

வண்டியை இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்துங்கள். எலுமிச்சம்பழம் செங்குத்தாகத்தான் தொங்கும். ஆனால் வண்டியின் தளத்தை வைத்துப் பார்த்தால் அது முன்பக்கம் சாய்ந்திருக்கும், லேசாக பிரேக் பிடித்தால் எப்படிச் சாயுமோ அப்படி. ஈர்ப்பால் வந்த சாய்வா, பிரேக்கால் வந்த சாய்வா என்று பழத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது, முடுக்கமானியாலும் முடியாது. இது கருவியின் குறையில்லை. ஈர்ப்பும் முடுக்கமும் உள்ளிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும் என்ற இந்த இடத்திலிருந்துதான் ஐன்ஸ்டீன் தன் பொதுச் சார்பியலுக்கே புறப்பட்டார்.

இப்போது நியூட்ரலுக்கு வருவோம். அடிவாரத்துப் போடிக்கும் மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். மலைச்சாலை இருபது கி.மீ. சொச்சம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறக்கம். சில இடங்களில் இதைவிடச் செங்குத்து. இந்தச் சரிவில் கியரும் இல்லாமல் பிரேக்கும் இல்லாமல் விட்டால், ஈர்ப்பு வண்டியை 0.05 ஜி அளவுக்கு முன்னே இழுக்கும். டயர் உராய்வு அதில் ஒரு பங்கைத் தின்றாலும் மீதியில் வண்டி வேகமெடுத்துக்கொண்டே போகும். 20 கி.மீ. வேகத்தில் விட்ட ஜீப் பத்து நொடியில் 30-ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் எலுமிச்சம்பழம் என்ன செய்கிறது? ஏறக்குறையச் சாய்வே இல்லை. வண்டியும் பழமும் ஒரே ஈர்ப்பில் சேர்ந்து சரிவதால், சமதளத்தில் சீராகப் போவதுபோல அது தளத்துக்கு நேராகத் தொங்கும். அதாவது வண்டி தறிகெட்டு இறங்கத் தொடங்கும் கட்டம்தான் முடுக்கமானிக்கு மிக அமைதியான கட்டம். ஒழுங்காக இரண்டாவது கியரில், பிரேக்கை அளவாகத் தொட்டு இறங்குகிறவரின் வண்டியில்தான் பழம் சாய்ந்திருக்கும்.

இந்தக் குருட்டுத்தனத்தைச் சரிக்கட்டத்தான் மற்றக் கருவிகள். முதலாவது ஜிபிஎஸ். செயற்கைக்கோள் சமிக்ஞையின் அதிர்வெண், நாம் நகர்வதால் சற்றே மாறும். அந்த டாப்ளர் மாற்றத்திலிருந்து போன் வேகத்தை நேரடியாகக் கணக்கிடுகிறது. சரிவு, ஈர்ப்பு எதுவும் அதைக் குழப்பாது. நியூட்ரலில் வேகம் ஏறியது இங்கே பளிச்சென்று தெரியும். ஆனால் பெரும்பாலான போன்கள் ஜிபிஎஸ் கணக்கை நொடிக்கு ஒருமுறைதான் போடுகின்றன. திறந்த வானத்தின் கீழேயே இடம் ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம். ஒரு பக்கம் பாறைச்சுவர் நிற்கும் மலைப்பாதையில் சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்து வந்து இன்னும் குழப்பும். கொண்டை ஊசி வளைவில் மேல்சாலையும் கீழ்சாலையும் வரைபடத்தில் ஒட்டினாற்போல் கிடக்கும். கீழே போகும் ஜீப்பை மேல்சாலையில் கொண்டுபோய் ஒட்டவைத்துவிட்டு, ‘தவறான திசை’ என்று செயலி திகைப்பதும் உண்டு. காற்றழுத்தமானி உள்ள போன் இதில் தப்பிவிடும். எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் குறையும். ஒரு மாடி அளவு உயரத்தைக்கூட அந்தக் கருவி பிரித்தறியும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இல்லாத உறுப்பும் அதுதான்.

இன்னொன்று திருப்பத்தை அளக்கும் சுழல்மானி. அதிர்ந்துகொண்டே இருக்கும் சிலிக்கான் எடை, போன் திரும்பும்போது பக்கவாட்டில் விலகும். கோரியாலிஸ் விளைவு இது. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை 20 கி.மீ. வேகத்தில் சுற்ற எட்டு ஒன்பது நொடி ஆகும். அதற்குள் வண்டி 180 பாகை திரும்புகிறது, நொடிக்கு இருபது பாகை. ஜிபிஎஸ் அந்த நேரத்தில் எட்டு ஒன்பது புள்ளிதான் வைக்கும். புள்ளிகளுக்கு இடையே நடப்பதைச் சுழல்மானிதான் நிரப்புகிறது. அதற்கும் ஒரு நோய் உண்டு: சிறு சிறு பிழைகள் சேர்ந்து, நேரம் போகப்போகத் திசை நழுவும். அதை ஜிபிஎஸ் அவ்வப்போது திருத்தும். ஒவ்வொரு கருவியின் பலவீனத்தையும் மற்றொன்றைக் கொண்டு அடைப்பதுதான் இந்தச் செயலிகளின் உள்வேலை. நல்ல செயலி, மட்டமான செயலி என்ற வேறுபாடு இங்கேதான் வருகிறது. படம், வண்ணம், கோப்பை, பதக்கம் எல்லாம் மேல்பூச்சு.

வளைவுக் கணக்கை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சொன்ன வளைவில் 20 கி.மீ. வேகத்தில் போனால் பக்கவாட்டு விசை 0.21 ஜி. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வார்கள். 30-ல் போனால் 0.47 ஜி. வேகம் ஒன்றரை மடங்குதான் ஏறியது, விசை இரண்டே கால் மடங்கு ஆகிவிட்டது, ஏனென்றால் கணக்கில் வேகத்தின் வர்க்கம் வருகிறது. உயரமான வண்டி, உள்ளே நெருக்கியடித்து ஆள், மேலே சாமான் என்றால் கவிழ்வதற்கான எல்லை இன்னும் கீழே இறங்கும். வண்டியில் எட்டுப் பேரா பதினைந்து பேரா என்பது போனுக்குத் தெரியாது. காருக்கு வைத்த கோட்டையே ஜீப்புக்கும் வைத்து மார்க் போடும். நாடு முழுதும் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 71.2 சதவீதம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. அதிவேகம் என்றாலே பலருக்கு நெடுஞ்சாலையில் நூறு நூற்றிருபதுதான் ஞாபகம் வரும். இந்த மலையில் 30-கூட அதிவேகம்தான்.

போனுக்கு அறவே தெரியாத ஒன்று வெப்பம். இரண்டு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ இரண்டு கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். மின்சாரக் கணக்கில் ஐந்தரை யூனிட். வண்டி தாழ்ந்த கியரில் இருந்தால் இன்ஜினே அதில் பெரும்பங்கைத் தாங்கி, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். நியூட்ரலிலோ மேல் கியரிலோ இறங்கினால் கிட்டத்தட்ட மொத்தமும் பிரேக்கின் தலையில். லைனிங் சூடேறினால் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பின் தரவிதி கேட்பதே 140 டிகிரிதான். டாட் 4-க்கு இந்த எண்கள் 230-ம் 155-ம். கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால், மிதி தரை வரை போகும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. இவ்வளவும் நடக்கும்போது செயலியில் ஒரு கடும் பிரேக்கூடப் பதிவாகியிருக்காது. மிதமாக, நிறுத்தாமல், இருபது கி.மீ. நெடுகப் பிடித்த பிரேக் அதன் கண்ணுக்கு நல்ல ஓட்டுதல். ‘ஏறின கியர்லயே இறங்கு’ என்ற பழைய டிரைவர் பேச்சை, போனை மட்டும் நம்பும் செயலியால் மார்க்காக மாற்ற முடியாது. புதிய வண்டிகளில் இன்ஜின் நிலவரத்தை வாசிக்க வைத்திருக்கும் ஓபிடி செருகியில் ஒரு சிறு கருவியை மாட்டினால், இன்ஜின் சுழற்சியையும் வேகத்தையும் ஒப்பிட்டு எந்தக் கியர் என்று கண்டுபிடிக்கலாம். இந்தப் பாதையில் ஓடும் பழைய ஜீப்களில் அதற்கு வழியில்லை.

குறை சொல்லியே முடித்துவிடக் கூடாது. ஒரு விஷயத்தில் போனை மிஞ்ச ஆளில்லை: போன் நோண்டுவதைப் பிடிப்பதில். வண்டி நகர்கிறது, திரை விழித்திருக்கிறது, சுழல்மானி கையின் ஆட்டத்தைக் காட்டுகிறது. மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே இல்லை. 40 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி கீழே பார்த்தால் வண்டி 22 மீட்டர் போயிருக்கும். பல வளைவுகளுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் சாலையே அவ்வளவுதான். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவு, ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. முதல் முறைக்கு அபராதமே 1,000 முதல் 5,000 ரூபாய், சிறையும் கிடைக்கலாம். ஆனால் போனை எடுத்தது டிரைவரா, பக்கத்து சீட்டில் இருப்பவரா என்பதைச் செயலி தடுமாறித்தான் சொல்லும். போனைத் தாங்கியில் மாட்டிவிட்டால் அந்தத் தகராறும் தீர்ந்தது. சட்டைப்பையில் இருந்தால் நம் உடம்பின் ஆட்டமெல்லாம் வண்டியின் கணக்கில் ஏறும்.

மொத்த மார்க்கை நான் பொருட்படுத்துவதில்லை. நூறு கி.மீ.க்கு எத்தனை தவறு என்று வகுத்துத்தான் பல செயலிகள் மார்க் போடுகின்றன. கீழே சமவெளியில் ஓடிய தூரம் மலையில் செய்த தவறை நீர்க்கவைத்துவிடும். வரைபடத்தைத் திறந்து, எந்த வளைவில் சிவப்புப் புள்ளி விழுகிறது என்று பார்ப்பதில்தான் பயன். ஒரே வளைவில் திரும்பத் திரும்ப விழுந்தால், அந்த வளைவுக்குள் நுழையும்போதே வேகம் கூடுதல் என்று அர்த்தம். வளைவுக்குள் பிரேக் பிடிப்பதை விட்டு, நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்கினால் அடுத்தடுத்த நாட்களில் அந்தப் புள்ளி மறையும். இறக்கத்தின் வேகக்கோட்டையும் பாருங்கள்: பிரேக் புள்ளியே இல்லாமல் கோடு மேலேறிக்கொண்டே போனால், அதுதான் நியூட்ரல். குறுக்கே ஓடிய ஆட்டுக்காகப் பிடித்த பிரேக்குக்கு மார்க் போனால் போகட்டும்.

போடிமெட்டில் கேரள டவருக்கு மாறும்போது சிக்னல் போனாலும் கணக்கு நிற்காது. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, செயலி பயணத்தைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். டேட்டா இல்லாத இடத்தில் செயலியைத் தொடங்கினால் மட்டும், செயற்கைக்கோள்களின் இருப்பிட விவரத்தை அவற்றிடமிருந்தே வாங்க அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். திரும்பும்போது, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் பூப்பாறையில் சிக்னல் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

இந்தத் தரவை யார் பார்க்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிரீமியம் வைக்கும் கூடுதல் காப்பீட்டுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி தந்தது. ஜீப் முதலாளி ஒருவர், டிரைவர் இன்னொருவர் என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். பிரீமியச் சலுகை முதலாளிக்கும், மார்க் குறைந்ததற்கான ஏச்சு டிரைவருக்கும் போய்ச்சேர வாய்ப்புண்டு. செயலி இருப்பிட அனுமதி கேட்கும்போது ‘எப்போதும்’ என்று கொடுத்தால் பயணத்தைத் தானே கண்டுபிடித்துப் பதியும், வேலை முடிந்து நீங்கள் எங்கே போனீர்கள் என்பதையும் சேர்த்து. ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்பும்முன் கையால் தொடங்க வேண்டும். சொந்த போன் என்றால் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.