கேடி: காவல் பதிவேட்டிலிருந்து வந்த சொல்

“பலே கேடி”, “அவன் பெரிய கேடியாச்சே” என்று ஏமாற்றுக்காரர்களைச் சொல்கிறோம். சேட்டை செய்யும் பிள்ளையைக் கொஞ்சும்போதுகூட “கேடிப் பயலே” என்கிறோம். கேடு செய்பவன் கேடி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒலியும் பொருளும் அப்படிப் பொருந்திப்போகின்றன. ஆனால் இந்தச் சொல், கே, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்தது. விரித்தால் ‘நோன் டிப்ரடேட்டர்’ (Known Depredator). பழைய மதராஸ் மாகாணக் காவல்துறை தன் பதிவேடுகளில் சிலரைக் குறிக்க வைத்திருந்த பெயர் இது. மலையாளத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இதே பொருளில் புழங்குவதற்கும் அந்த மாகாணமே காரணமாக இருக்க வேண்டும்.

லத்தீனில் ‘பிரேடா’ என்றால் கொள்ளைப் பொருள். அதிலிருந்து வந்த ‘டிப்ரடேட்டர்’ சூறையாடுபவர், கொள்ளையடிப்பவர். ‘நோன்’ என்றால் தெரிந்த, அறியப்பட்ட. யாருக்குத் தெரிந்த? நீதிமன்றத்துக்கு அல்ல, போலீஸுக்கு. பட்டியலில் தண்டனை பெற்றவரும் இருப்பார், எதுவும் நிரூபணமாகாதவரும் இருப்பார். இருவருக்கும் பெயர் ஒன்றுதான்.

இங்கே இரண்டு தமிழ்ச் சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குற்றம் நடந்ததாகத் தகவல் வந்து, வழக்குப் பதிந்து, ஆதாரம் தேடுவது புலனாய்வு. குற்றம் எதுவும் நடக்காதபோதே ஒருவர் எங்கே போகிறார், யாரோடு பழகுகிறார், எப்படிச் சம்பாதிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது கண்காணிப்பு. புலனாய்வுக்கு ஒரு முடிவு உண்டு: குற்றப்பத்திரிகை, விடுதலை, தண்டனை என்று ஏதாவது ஒன்று வரும். கண்காணிப்பு பல நேரம் முடிவதே இல்லை.

தனி ஆளைப் பட்டியலிடுவதோடு ஆங்கில அரசு நிற்கவில்லை. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று எழுதியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் உள்ளிட்ட சமூகத்தினரிடம் கைரேகை எடுத்தார்கள். மதுரைப் பக்கம் இதற்குக் கைரேகைச் சட்டம் என்றே பெயர். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்க வேண்டும். எந்தத் தவறும் செய்யாத மனிதன், மனைவி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ஸ்டேஷனில் படுப்பதை நினைத்துப் பாருங்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை தர மறுத்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் இறந்தார். சட்டம் மதராஸில் 1947இல் நீங்கியது, நாடு முழுவதும் 1952இல். அந்தச் சமூகங்கள் இன்று சீர்மரபினர்.

சட்டம் போனாலும் பதிவேடு போகவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். ஆதாரம் இல்லாமல் விட்டும் விட்டார்கள். ஆனால் அவர் பெயரில் ‘ஹிஸ்டரி ஷீட்’ என்ற போலீஸ் கண்காணிப்பு ஏட்டைத் திறந்தார்கள். அப்புறம் ராத்திரியில் கதவைத் தட்டி எழுப்புவதே வழக்கமாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் 1962இல் இரவில் வீட்டுக்குள் வருவதை மட்டும் ரத்து செய்தது. மற்ற கண்காணிப்பு செல்லும் என்றது. முழுதும் செல்லாது என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 ஆகிவிட்டது.

இப்படி ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் உள்ளவரை ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டரி ஷீட்டர்’ என்பார்கள். இப்போது அதன் தமிழ் இணைக்கு வருவோம். நம் நாளிதழ்களும் காவல்துறை அறிக்கைகளும் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்று எழுதுகின்றன. இது எனக்குச் சற்றும் ஏற்பில்லை. குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. வழக்கு நிலுவையில் இருப்பவரையும் விடுதலையானவரையும் அப்படி எழுதுவது பொய். ‘சரித்திரம்’ ‘ஹிஸ்டரி’யின் நேர்ப்பெயர்ப்பு, படிப்பவருக்கு எதையும் விளக்குவதில்லை. ‘காவல் கண்காணிப்பில் உள்ளவர்’ என்று எழுதலாம். பதிவேட்டைக் ‘கண்காணிப்புப் பதிவேடு’ எனலாம். உண்மையில் தண்டனை பெற்றவரை ‘முன்பு தண்டனை பெற்றவர்’ என்று தனியாகச் சொல்லிவிடலாம். கேடி என்ற சொல்லைப் பேச்சிலிருந்து யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். செய்தியிலும் அரசுத் தாளிலும் அது வேண்டாம்.

சரி, குற்றத்துக்கு முன்பே ஒருவரை அரசு பார்க்கலாமா? பழிக்குப் பழி என்று ஆள் தேடும் கும்பலைப் போலீஸ் கவனிக்காமல் விட்டால் ஓர் உயிர் போகும். அதனால் கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெயர் சேர்க்கும்போது காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், அது அவர் செய்த செயலாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மேலதிகாரி பார்த்து, காரணம் இல்லையென்றால் பெயரை நீக்க வேண்டும். பின்தங்கிய சமூகப் பின்னணி ஒன்றையே வைத்து அப்பாவிகளின் பெயரை இயந்திரத்தனமாக எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அதையும் தாண்டி, தன் பெயர் பட்டியலில் இருப்பதை அறியவும் எதிர்த்து முறையிடவும் அந்த மனிதருக்கு வழி வேண்டும்.