பிளானில் இரண்டு மாடி, மனசில் நாலு மாடி

பெங்களூரில் முப்பது-நாற்பது சைட் (30-க்கு 40 அடி மனை) வாங்கி வீடு கட்ட வரும் நம் ஆட்களிடம் நான் முதலில் சேல் டீட் என்கிற கிரயப் பத்திரத்தைக் கேட்பதில்லை. "மாசம் எவ்வளவு வாடகை வரணும்னு நினைக்கிறீங்க?" என்றுதான் கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கும். இன்ஜினியருக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?

இருக்கிறது. ராமமூர்த்தி நகர், பானஸ்வாடி, லிங்கராஜபுரம், கே.ஆர்.புரம் என்று எங்கே போனாலும் திட்டம் ஒன்றுதான். கீழே இரண்டு சிங்கிள் பெட்ரூம், முதல் மாடியில் குடும்பம், அதற்கு மேல் இரண்டு மாடி வாடகைக்கு, மொட்டை மாடியில் பேச்சிலர்களுக்கு ஒரு ரூம். பேங்க் தவணை அந்த வாடகையில் கழிய வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லாமல் பிளான் வரையச் சொன்னால், அனுமதிக்குப் போகிற காகிதம் ஒன்றாகவும் எழும்புகிற கட்டடம் வேறாகவும் ஆகிவிடும்.

விதி என்ன தருகிறது என்று பார்ப்போம். பெங்களூரில் செல்லுபடியாவது 2015 மாஸ்டர் பிளான் என்ற நகரத் திட்டம். பெயரில்தான் 2015, அமலுக்கு வந்தது 2007-ல். 2031-க்கென்று 2017-ல் வெளியான வரைவு அமலுக்கு வரவேயில்லை. அந்த 2015 பிளானின்படி, சாதாரணக் குடியிருப்புத் தெருவில் 360 சதுர மீட்டருக்கு உட்பட்ட சைட்டுக்கு எஃப்ஏஆர் 1.75. அதாவது எல்லாத் தளங்களையும் கூட்டினால் சைட்டின் பரப்பைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. தரையில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டடம் பரவக் கூடாது. நம் 1,200 சதுர அடி சைட்டுக்கு மொத்தம் 2,100 சதுர அடி, ஒரு தளத்துக்கு அதிகபட்சம் 900. முழுத் தளம் இரண்டு போட்டாலே 1,800 தீர்ந்துவிடும். மூன்றாவது தளத்துக்கு மிஞ்சுவது 300. வண்டி நிறுத்தத் தூண்களோடு திறந்து விடும் கீழ்த்தளம், அதாவது ஸ்டில்ட் பார்க்கிங், இந்தக் கணக்கில் சேராது, அவ்வளவுதான் ஆறுதல். வாடகைத் திட்டமோ, தளத்துக்கு 900 என்று வைத்தாலே, 3,600 சதுர அடிக்கு மேல் கேட்கிறது.

"பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்காரே சார்?" என்பது அடுத்த கேள்வி. கட்டியிருக்கிறார், மறுக்கவில்லை. இரண்டு மாடிக்குப் பிளான் வாங்கி நாலு மாடி எழுப்புவது இந்த ஊரில் வெகுகாலம் நடந்த வழக்கம். பின்னாளில் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று எல்லோரும் அக்ரம-சக்ரம திட்டத்தை நம்பியிருந்தார்கள். அதற்கு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்போதும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் கரண்டும் தண்ணீரும் வந்துகொண்டிருந்தன.

நிலைமையை மாற்றியது 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. வழக்கு உத்தரப் பிரதேசத்தின் மீரட்டைச் சேர்ந்தது. உத்தரவுகள் நாடு முழுமைக்குமானவை. கட்டுமான இடத்தில் அனுமதி பெற்ற பிளானை மாட்டிவைக்க வேண்டும். பிளான்படி கட்டியிருந்தால்தான் ஓசி எனப்படும் குடிபுகும் சான்றிதழ். அதைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு. பேங்கும் அதைச் சரிபார்த்துத்தான் கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும். 2025-ல் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் ஓசி கேட்க ஆரம்பித்ததும், கட்டி முடித்த வீட்டுக்கு மீட்டர் கிடைக்காமல் நின்றவர்கள் ஏராளம். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. அதற்குக் கட்டணம் அதிகம், வாடகைக்கு வருகிறவரும் மீட்டரைத்தான் முதலில் பார்க்கிறார்.

பிறகு கர்நாடக அரசு ஒரு சலுகை தந்தது. 1,200 சதுர அடி வரையுள்ள சைட்டில் தரைத்தளமும் இரண்டு மாடியும், அல்லது ஸ்டில்ட்டும் மூன்று மாடியும் கொண்ட வீடுகளுக்கு ஓசி தேவையில்லை என்றது. இதைத்தான் இப்போது நம் ஆட்கள் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வருகிறார்கள்: "தர்ட்டி ஃபார்ட்டிக்கு எதுவுமே வேண்டாமாமே?" ஓசிக்குத்தான் விலக்கு, பிளான் அனுமதிக்கு அல்ல. நாலு மாடியும் மேலே ஒரு ரூமும் கட்டுகிறவருக்கு அந்த விலக்கும் கிடையாது.

காகிதத்துக்கு வருவோம். காத்தா என்பது மாநகராட்சியின் வரிப் பதிவேட்டில் உங்கள் சொத்துக்குரிய கணக்கு. உரிமைப் பத்திரம் அல்ல. வரி கட்டிய ரசீது கையில் இருப்பதால் பிளான் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். விவசாய நிலத்தை வீட்டுமனையாக மாற்றும் டிசி கன்வர்ஷன் ஆகாமல், லேஅவுட் அனுமதியும் இல்லாமல் கூறுபோட்டு விற்ற ரெவின்யூ சைட்டுகள் பெரும்பாலும், வரி வாங்குவதற்காக மட்டும் வைத்த தனிப் பதிவேடான பி காத்தாவில்தான் கிடக்கின்றன. பி காத்தாவுக்குப் பிளான் அனுமதி கிடையாது. அதை முறையான சொத்துகளுக்குரிய ஏ காத்தாவாக மாற்ற 2025-ல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாற்றம் முடிந்து ஏ காத்தா கைக்கு வந்த பிறகு பிளானுக்கு வாருங்கள். "அப்ளை பண்ணியிருக்கேன்" என்பதை வைத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, நம் இனிஷியல். சேல் டீடில் "முருகன், தந்தை பெயர் சுப்பிரமணி", ஆதாரில் "எஸ். முருகன்", பழைய வரி ரசீதில் "முருகன் சுப்பிரமணி". மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். ஆன்லைன் காத்தாவான இ-காத்தாவுக்காக ஆதாரோடு பெயரை ஒப்பிடும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிளானுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். அதே சூட்டில் சைட்டையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் முப்பது இருக்கும், நிலத்தில் இருபத்தொன்பதே முக்கால்தான் இருக்கும். கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடமான செட்பேக்கை விடும்போது அந்தக் கால் அடிக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மாஸ்டர் பிளானில் முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 என்று இடைவெளி சொல்லியிருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் மாற்றி உத்தரவிட்டதை 2019-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த அளவுகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையோ அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பார்க்கும்போது சாக்கடை போலத்தான் இருக்கும். கிராம வரைபடத்தில் அது கால்வாயா என்பதுதான் கேள்வி.

விண்ணப்பம் போடுவது இன்று சுலபம். 50-க்கு 80 அடி வரையுள்ள சைட்டில், நாலு வீடுகளுக்கு உட்பட்ட குடியிருப்புக் கட்டடத்துக்கு, பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினியர் மூலம் ஆன்லைனிலேயே தற்காலிகப் பிளான் தரும் 'நம்பிக்கெ நக்ஷே' திட்டம் 2024-ல் வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து பழைய மாநகராட்சியான பிபிஎம்பி இல்லை. ஜிபிஏ எனப்படும் கிரேட்டர் பெங்களூர் ஆணையத்துக்குக் கீழே ஐந்து மாநகராட்சிகள், உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கும், ஆனால் அதன் வேகம் ஒரு தவறான நினைப்பைத் தருகிறது. ஆவணங்களை அதிகாரிகள் பிறகுதான் சரிபார்ப்பார்கள். தகவல் பொய் என்றால் பிளான் ரத்தாகும். பிளான் கையில் கிடைத்ததும் உங்கள் பத்திரமெல்லாம் சுத்தம் என்று யாரோ முத்திரை குத்திவிட்டதாக எண்ண வேண்டாம்.

அனுமதிக் கட்டணத்தோடு கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியும் வரும், பட்ஜெட்டில் அதை மறந்துவிடாதீர்கள். 1,200 சதுர அடியிலிருந்தே புது வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பிளானில் அழகாக வரைந்திருப்போம்; மேஸ்திரி குழாயை நேராகச் சாக்கடையில் விட்டிருப்பார்.

"பார்க்க வேண்டியவங்களைப் பார்த்தாச்சு" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிப் பணம் கொடுத்தவர்களும் வருகிறார்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை, எந்த ஃபைலிலும் பதிவு இல்லை. மீட்டர் கேட்டுப் போகும்போது அந்த ஏஜென்ட் போனை எடுப்பதில்லை.

பாதி கட்டிவிட்டு இதைப் படிக்கிறவர்கள் அடுத்த கான்கிரீட் மோல்டு போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். நாலு பக்கமும் விட்ட செட்பேக், ஒவ்வொரு தளத்தின் பரப்பு, மொத்த உயரம் மூன்றையும் பிளானோடு வைத்து அளக்கச் சொல்லுங்கள். 2003 கட்டட விதிகளின்படி 5 சதவீதம் வரையிலான விலகலை அபராதத்தோடு முறைப்படுத்த வழி உண்டு. அதைத் தாண்டியிருந்தால், திருத்திய பிளானுக்கு இடமிருக்கிறதா என்று கம்பி வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். பால்கனியை உடைப்பது பணச் செலவுதான். ஒரு தளத்தையே உடைக்கச் சொன்னால் கீழே இருக்கும் தூணும் பீமும் சேர்ந்து அடிவாங்கும்.