டீசல் வழியே ஏறும் விலைவாசி

பெட்ரோல் விலை உயர்ந்தால் விலைவாசியும் உயரும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டில், அதாவது சில்லறைப் பணவீக்கத்தை அளக்கும் கணக்கில், வாகனப் பெட்ரோலுக்குத் தரப்பட்ட எடை (மொத்தக் கணக்கில் அதன் பங்கு) ஏறத்தாழ 2.2 விழுக்காடுதான், டீசலுக்கு அதுவும் இல்லை, வெறும் 0.15 விழுக்காடு. குடும்பங்கள் தம் கையால் வாங்கும் பொருள்களையும் சேவைகளையும் மட்டுமே அந்தக் குறியீடு எண்ணுகிறது என்பதே காரணம். 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட மொத்த வியாபார விலைக் குறியீட்டில் நிலைமை தலைகீழ்: டீசலின் எடை சுமார் 3.1, பெட்ரோலின் எடை 1.6.

விலைவாசியை உண்மையில் அசைப்பது டீசல்தான். உழவு டிராக்டர், அறுவடை இயந்திரம், விசைப்படகு, லாரி எல்லாம் அதில் ஓடுகின்றன. நாசிக் வெங்காயம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் பயணித்துக் கோயம்பேட்டுக்கு வருகிறது. கனமாகவும் மலிவாகவும் உள்ள இத்தகைய சரக்கின் விலையில் வாடகையின் பங்கு பெரிது என்பதால், டீசல் உயர்வு தங்க நகையைத் தொடாமல் காய்கறியைத்தான் முதலில் தாக்குகிறது. ஏழைக் குடும்பத்தின் செலவில் உணவே பெரும்பகுதி. ஆகவே வண்டியே இல்லாதவரும் எரிபொருள் விலையைச் சுமக்கிறார்.

இந்தத் தாக்கம் உடனே வருவதில்லை, வந்தபின் எளிதில் இறங்குவதுமில்லை. தமிழ்நாட்டில் 2011 நவம்பரில் உயர்ந்த அரசுப் பேருந்துக் கட்டணம் அடுத்து 2018 ஜனவரியில்தான் உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் செலவுச் சுமை ஒரே நாளில் பயணியின் தலையில் இறங்கியது.

நம் நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. அதற்கான விலையை டாலரில் கொடுக்க வேண்டியிருப்பதால் ரூபாய் சரிந்தாலும் செலவு கூடும். இடையில் வரி ஒன்று நிற்கிறது. 2020 மே மாதம் கச்சா விலை வீழ்ந்து கிடந்தபோது, மத்திய அரசு கலால் வரியை டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் கூட்டியது. அதனால் உலகச் சந்தையின் மலிவு நம்மூர் பெட்ரோல் நிலையங்களை எட்டவே இல்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்ட கலால் வரிக்கு இன்னொரு குணமும் உண்டு: கச்சா விலை இரட்டித்தாலும் சில்லறை விலை இரட்டிக்காது.

2022 மார்ச் 22 முதல் இரண்டு வாரங்களில் பெட்ரோல், டீசல் இரண்டும் லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் உயர்ந்தன. உக்ரைன் போரால் சமையல் எண்ணெயும் ஏறிய நிலையில், ஏப்ரல் மாதச் சில்லறைப் பணவீக்கம் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. 4 விழுக்காட்டை இலக்காகக் கொண்டு 2 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை மட்டும் அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்லையை இது கடந்திருந்தது. மே 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, பிற வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4.40 விழுக்காடாக உயர்த்தியது. வட்டியால் ஒரு பீப்பாய் எண்ணெயும் ஊறாது. எரிபொருள் ஏற்றம் கூலிக்கும் பிற விலைகளுக்கும் பரவி, விலை இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு வேரூன்றாமல் தடுக்கவே அது முயல்கிறது, அதற்கும் பல மாதங்கள் ஆகும். அதே மாதம் 21-ஆம் தேதி மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் கலால் வரியைக் குறைத்தது. அது மறுநாளே விலையில் தெரிந்தது.