தளம் அழகாக இருக்கிறது, ஆனால் ஆளைக் காணோம்

"எங்கள் இணையவழிக் கற்றல் தளத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். மாணவர்களோ தேர்வுக்கு முந்தைய வாரம்தான் எட்டிப் பார்க்கிறார்கள். ஏன்?" என்று கேட்டிருக்கிறார் பேராசிரியர் ஒருவர்.

சோம்பேறித்தனம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அலுவலக மென்பொருள்களை வைத்து இதே கேள்வியை 1980களிலேயே ஆராய்ந்தவர் ஃபிரெட் டேவிஸ். 1989இல் வெளியான அவருடைய கட்டுரை இரண்டு எண்ணங்களை அளந்தது: இது எனக்குப் பயன்படுமா? கையாள எளிதா? முதல் ஆய்வில், மென்பொருளைப் பயன்படுத்தும் அளவோடு 'பயன்படும்' என்ற எண்ணத்துக்கு இருந்த ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.63, 'எளிது' என்பதற்கு 0.45. இரண்டையும் சேர்த்து ஒரே சமன்பாட்டில் போட்டால் எளிமையின் பங்கு பெரும்பாலும் கரைந்துபோகிறது!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கரைந்த எளிமை எங்கே போகிறது? பயனுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. இரவு 11:50. நள்ளிரவுக்குள் அசைன்மென்ட் போட வேண்டும். கோப்பு பெரிதாக இருக்கிறது என்கிறது தளம். சுருக்கி முடிப்பதற்குள் லாக்அவுட் ஆகிவிடுகிறது. மறுபடி பாஸ்வேர்டு. அப்போது அந்த மாணவன் "கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. "இதனால் என்ன பிரயோஜனம், மெயிலிலேயே அனுப்பியிருக்கலாம்" என்கிறான். பட்ட சிரமம் அவன் மனதில் பயனின்மையாகப் பதிவாகிறது. ஆனால் இது தலைகீழாக நடப்பதில்லை. பழைய ஸ்லைடுகளை ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைத்தாலும் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

அப்புறம் 2003இல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் டேவிஸும் இன்னும் இருவரும் சேர்ந்து இந்தப் பட்டியலை விரித்தார்கள். சுற்றியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், இணைய இணைப்பு, உதவிக்கு ஆள் போன்ற வசதிகள் உண்டா என்பவையும் சேர்ந்தன. பிறர் சொல்வது, பயன்படுத்தியே தீர வேண்டிய கட்டாயமுள்ள இடத்தில்தான் எடுபடுகிறது. பழகப் பழக அதுவும் தேய்கிறது. 2020இல் எல்லோரும் இணைய வகுப்புக்கு வந்ததை 'ஏற்பு' என்று எண்ணியவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது.

மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராயும் இந்தத் துறைமேல் எனக்கு ஒரு குறை உண்டு. "இனியும் பயன்படுத்துவீர்களா, 1 முதல் 7க்குள் மதிப்பிடுங்கள்" என்று இன்னும் எத்தனை கேள்வித்தாள்களுக்குத்தான் நிதி கொடுப்பது? யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற பதிவு சர்வரிலேயே கிடக்கிறதே.

சரி, பேராசிரியரே, அந்தக் கடைசி வாரப் பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள். மாதிரி வினாத்தாள் பக்கத்தில்தான் கூட்டமென்றால், உங்கள் தளத்தில் எது பயன்படுகிறது என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.