டைல்ஸை எண்ணிவிடுவார்கள்

போன வாரம் மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட். விற்பவர் ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை போனில் எடுத்துக் கொடுத்த படங்களைப் போட்டு இரண்டு மாதமாக விளம்பரம் ஓடுகிறது. ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். "அந்த பெட்ரூமை எட்டிப் பார்த்ததும் முகமே மாறிடுது தம்பி" என்றார். படத்தை வாங்கிப் பார்த்தேன். நினைத்தது சரிதான், போன் கேமராவில் 0.5 என்று வரும் அகல லென்ஸில் எடுத்தது.

விற்கிற வீடுகளைப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. இது எத்தனையாவது 0.5 என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"0.5-ல் எடுத்தா ரூம் பெரிசாத் தெரியும் சார்" என்பார்கள். தெரியும், அதுதான் வினையே. போனின் சாதாரண லென்ஸ் சுமார் 24 முதல் 26 எம்எம். 0.5 என்பது 13 எம்எம் பக்கம். எண் குறையக் குறைய படத்தில் அடங்கும் அகலம் கூடும். பெரிய கேமராவிலேயே நான் 16-க்குக் கீழே இறங்குவதில்லை. 13-ல் மூலையில் நின்று எடுத்தால் எதிர்ச்சுவர் தெருக்கோடிக்குப் போய்விடும். ஓரத்தில் இருக்கும் ஃப்ரிட்ஜ் பீரோ அகலத்துக்கு உப்பும். கட்டிலில் ஆறு பேர் படுக்கலாம் போலிருக்கும். ஆனால் ரூம் 10-க்கு 10தான். தரையில் இருப்பது இரண்டடி டைல்ஸ். வருகிறவர் டேப் எடுக்க வேண்டியதில்லை, ஐந்து டைல் என்று கண்ணாலேயே எண்ணிவிடுவார். கடைசியாக வந்த அம்மா எண்ணிவிட்டு, "படம் மாத்திப் போட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டாராம். அதன் பிறகு வில்லங்கச் சான்றைக் காட்டினாலும் அதையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

இந்த வீடு ஒத்துவராதவர்களை அவர்கள் வீட்டிலேயே உட்கார வைப்பதும் படத்தின் வேலைதான். பதினைந்து பேர் வந்து உதட்டைப் பிதுக்குவதைவிட, ரூம் அளவு தெரிந்து மூன்று பேர் வந்தால் போதாதா?

சின்ன ரூம் என்றால் வெளியே வந்து வாசற்படியில் நின்று சாதாரண லென்ஸில், அதாவது 1-ல் எடுங்கள். முழு ரூமும் அடங்காது, பரவாயில்லை, இரண்டு படமாகப் போடுங்கள். போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் சுவர் எல்லாம் விழுகிற மாதிரி வரும். கேமரா திரையில் கட்டம் கட்டமாக வரும் கிரிட் கோடு எதற்கு இருக்கிறது? கிச்சனில் மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் மேடை நன்றாகத் தெரியும்.

தரகர்கள் சாவி கிடைத்ததும் சாயங்காலம் ஏழு மணிக்கு டியூப்லைட்டில் எடுத்துத் தள்ளுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிழக்குப் பார்த்த வீட்டின் முகப்பைக் காலையிலும், மேற்குப் பார்த்ததை மாலை வெயிலிலும் எடுங்கள். உள்ளே திரையை விலக்கிவிட்டு, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஓதம் அடித்த சுவரை ஆப்பில் வெள்ளையடிக்காதீர்கள், நேரில் எப்படியும் தெரியப் போகிறது.

கதவுக்குப் பின்னால் தொங்கும் நைட்டி, டாய்லெட் வாளி, ஃப்ரிட்ஜ் மேல் மாத்திரைப் பெட்டி. இதையெல்லாம் நான் சொல்லியா எடுத்து வைக்க வேண்டும்? சாவிக்கொத்து தொங்கும் ஆணியையும் குழந்தையின் ஸ்கூல் அடையாள அட்டையையும் படத்துக்குள் விடவே விடாதீர்கள். சாவியின் தெளிவான படம் இருந்தால் மாற்றுச் சாவி செய்துவிட முடியும். நிறைய வீடுகளில் பார்த்தாகிவிட்டது, கெஞ்சியே கேட்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் மங்கிப் போகும்.

மடிப்பாக்கத்தில் அதே பெட்ரூமைக் காலை பத்து மணிக்கு வாசற்படியிலிருந்து எடுத்துக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சின்னதாத் தெரியுதே தம்பி?"

"சின்ன ரூம்தானே சார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஜன்னலைத் தொட்டுக் காட்டினார். மாப்பிள்ளை படத்தில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் வெளியே நிற்கும் புங்கமரம் பச்சையாக விழுந்திருந்தது. "இதை முதல்ல போடுங்க" என்றார்.