அப்பீல் போட்டால் தண்டனை நின்றுவிடாது

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகை. சனிக்கிழமை வாரக்கூலி கொடுத்துக்கொண்டிருந்தவரைப் போலீஸ் வாரண்டோடு வந்து கூட்டிப்போய்விட்டது. மறுநாள் காலை அவர் மனைவி என்னிடம் வந்தார். கையில் அப்பீல் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு. "அப்பீல் போட்டாச்சுங்க சார், அப்புறம் எப்படிங்க புடிப்பாங்க?" இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது குடும்பம் இது.

அப்பீல் வேறு, தண்டனை நிறுத்தம் வேறு. தீர்ப்பு தப்பு என்று மேல்கோர்ட்டில் சொல்வது அப்பீல். அது முடிய வருடக்கணக்கில் ஆகலாம். அதுவரை தண்டனை அப்படியேதான் இருக்கிறது. அதை நிறுத்தி வைக்கத் தனி மனு போட வேண்டும், நீதிபதி உத்தரவு போட வேண்டும், அதிலுள்ள நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாரண்டு வரும். 'தீர்ப்பு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே' என்பார்கள். தண்டனை 3 வருடத்துக்கு மிகாமல் இருந்து, ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால், அப்பீல் போடுவதற்காகக் கீழ்க்கோர்ட் கொடுக்கும் அவகாசம் அது. விடுதலை இல்லை. தண்டனையை நிறுத்தி வெளியே இருந்த நாள், தண்டனையில் கழியவும் கழியாது. அப்பீலில் தோற்றால் மிச்சம் முழுவதையும் உள்ளே இருந்துதான் தீர்க்க வேண்டும்.

இவருடையது செக் பணமில்லாமல் திரும்பிய வழக்கு, நூல் வாங்கிய கடன். நஷ்டஈடு 9 லட்சம். செஷன்ஸ் கோர்ட் தண்டனையை நிறுத்தித்தான் வைத்திருந்தது. 60 நாளில் 20 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய் கட்டச் சொல்லி. செக் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தம் இது. தக்க காரணம் சொன்னால் இன்னும் 30 நாள் கேட்கலாம். இவர் பணமும் கட்டவில்லை, அவகாசமும் கேட்கவில்லை. உத்தரவு நகலை வாங்கிப் படிக்கவே இல்லை. 'ஸ்டே ஆயிருச்சு' என்று யாரோ சொன்னதோடு சரி.

மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்புக்கு அப்பீல் செஷன்ஸில், 30 நாளுக்குள். செஷன்ஸ் கோர்ட்டே நேராக விசாரித்துக் கொடுத்த தீர்ப்பு என்றால் ஐகோர்ட்டில், 60 நாள். கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர் எல்லாம் சென்னைக்கு. சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். கெடு தாண்டிவிட்டாலும் வாருங்கள், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். 'ஐகோர்ட்டில் ஆள் இருக்கு' என்பவரிடம் தயவுசெய்து தோட்டத்தை அடமானம் வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். சிறையில் இருப்பவருக்கு, எவ்வளவு வசதி இருந்தாலும், இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. சிறை அதிகாரி வழியாகவே அப்பீலும் அனுப்பலாம். சட்ட உதவிக்கு 15100.

அந்த அம்மா இரண்டு தறியை விலை பேசிக்கொண்டிருக்கிறார். பணம் கட்ட அனுமதி கேட்டுப் போட்ட மனு வியாழக்கிழமை வருகிறது. கணவர் இன்னும் உள்ளேதான்.